ஸ்கேட்டர்-கேதர் பாடத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள சார், அக்கா, அண்ணன் அனைவருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் நடந்த லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) பயிற்சியில் ஸ்கேட்டர்-கேதர் பாடம்தான் மிகவும் கடினமானது. மெமரியில் சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒரே டிஎம்ஏ (சிபியு நகலெடுக்காமல் சாதனமே மெமரியைப் படிப்பது, எழுதுவது) வேலையாகச் சாதனத்திடம் ஒப்படைக்க வேண்டும். மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் உங்களால்தான்.

மார்த்தாண்டம் சாருக்கு முதல் நன்றி. 64 கேபி பஃபருக்கு 4096 பைட் பக்கங்கள் 16 போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பயனர் நிரல் தரும் முகவரி, பக்கத்தின் தொடக்கத்திலிருந்து 512 பைட் தள்ளி இருந்தால் 17 வேண்டும்: முதல் துண்டு 3584 பைட், நடுவில் முழுப் பக்கங்கள் 15, கடைசியில் 512. சார் இதைப் பலகையில் கூட்டிக் காட்டியதும் ஆஃப்செட் (அந்தத் தள்ளிய அளவு) எதற்கு என்ற கேள்வியே எழவில்லை. விமல்லாக் (vmalloc) தரும் மெமரி உள்ளே சிதறிய பக்கங்களாக இருக்கலாம் என்பதால், அதைத் துண்டுப் பட்டியலில் சேர்க்கும் எஸ்ஜி செட் பஃபில் (sg_set_buf) போடக் கூடாது, பக்கம் பக்கமாகத் தேடி எடுக்க வேண்டும் என்பதையும் அவரே பதியவைத்தார்.

தக்கலை அக்கா ஒவ்வொருவரின் நிரலையும் வரிவரியாகப் படித்துத் திருத்தினார். துண்டுப் பட்டியலைச் சாதனத்துக்கான முகவரிகளாக மாற்றும் டிஎம்ஏ மேப் எஸ்ஜிக்கு (dma_map_sg) 17 கொடுத்தால், ஐஓஎம்எம்யூ (சாதனத்தின் முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) அடுத்தடுத்த துண்டுகளை இணைத்து 3 என்று திருப்பித் தரலாம். சாதனத்தின் டிஸ்கிரிப்டர்களை (எந்த முகவரி, எத்தனை பைட் என்று அதற்குச் சொல்லும் பதிவுகளை) அந்த 3-ஐ வைத்தே நிரப்ப வேண்டும். அன்மேப் செய்யும்போது (வேலை முடிந்து மேப்பிங்கை விடுவிக்கும்போது) பழைய 17-ஐயே கொடுக்க வேண்டும். 3 என்று கொடுத்தால், கேஷ் (சிபியுவின் வேக நினைவகம்) மெமரியோடு தானாக ஒத்துப்போகாத போர்டில் முதல் 3 பக்கம் மட்டுமே சுத்தமாகும். மீதி 14 பக்கங்களில் பழைய டேட்டா தங்கிவிடலாம். 0 வந்தால் மேப்பிங் தோற்றது என்று பொருள், அங்கேயே திரும்பிவிட வேண்டும். பட்டியல் சங்கிலியாக நீளக்கூடும் என்பதால் அடுத்த துண்டுக்கு அரே இன்டெக்ஸ் கூடாது, எஸ்ஜி நெக்ஸ்ட்தான் சரி. எங்கள் கணிப்பில் இந்தப் பாடத்தின் உயிரே 17, 3 என்ற இந்த இரண்டு எண்களும்தான்.

குளச்சல் அண்ணன் தந்த ஏஆர்எம் போர்டு இல்லாமல் பாதிப் பாடம் புரிந்திருக்காது. சாதாரண பிசியில் டிஎம்ஏவும் கேஷும் ஒத்தே இருக்கும். கேஷையும் மெமரியையும் ஒத்துப்போகச் செய்யும் சிங்க் அழைப்பை விட்டுவிட்டாலும் நிரல் பெரும்பாலும் ஓடிவிடும், தவறு வெளியே தெரியாது. அந்த போர்டிலோ பழைய பைட்கள் அப்படியே கண்முன் வந்து நின்றன. அவர் கர்னலை டிஎம்ஏ டீபக் வசதியோடு கம்பைல் செய்து கொடுத்திருந்தார். மேப் எண்ணும் அன்மேப் எண்ணும் மாறினால் உடனே லாகில் எச்சரிக்கை விழும். டிரைவர் எழுதும் எல்லாரும் முதலில் இதை ஆன் செய்துவிடுங்கள்.

கர்னல் மூலநிரலோடு வரும் டிஎம்ஏ வழிகாட்டியை எழுதிய டேவிட் மில்லர், ரிச்சர்ட் ஹெண்டர்சன், ஜக்குப் யெலினெக் மூவருக்கும் இங்கிருந்து எங்கள் நன்றி.

பாடக்குறிப்பின் தமிழைத் திருத்தித் தந்த குலசேகரம் அக்கா, பின் (pin, இடம் மாறாமல் பிடித்து வைத்தல்) செய்த பக்கங்களை விடுவிக்கும் பகுதியை அடுத்து அனுப்புகிறோம். அன்மேப் முடிந்த பிறகே அன்பின் (unpin, பிடியை விடுதல்) செய்ய வேண்டும், அதுவும் சாதனம் எழுதிய பக்கமென்றால் டர்ட்டி (மாறிய பக்கம்) என்று குறித்துவிட்டு. இந்த வரிசை மாறாமல் பார்த்துத் தாருங்கள்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்,
நாகர்கோவில்