முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள்: ஹோம் பேக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துக் கேக் செய்து தரும் அனைவருக்கும் வணக்கம்.

என் மகளுக்குப் பாலும் முந்திரியும் ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புவதோடு நிற்கும் விஷயமில்லை. உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இழுக்கும். கடும் ஒவ்வாமைக்கு உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் ஊசி இல்லாமல் நாங்கள் வாசல் தாண்டுவதில்லை. அவளுடைய பிறந்தநாள் கேக்குக்காக உங்களில் பலரிடம் பேசியிருக்கிறேன்.

பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கவலைப்படாதீங்க, நாங்க எக்லெஸ்தான் செய்யறோம்." அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் நான் கேட்டது பால் இல்லாத கேக். முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தயிரையோ கண்டென்ஸ்டு மில்க்கையோ ஊற்றுவதுதான் பல எக்லெஸ் கேக்குகளின் செய்முறை. லாக்டோஸ் நீக்கிய பாலும் எங்களுக்கு உதவாது. அதில் பால் சர்க்கரைதான் போயிருக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்பும் கேசீன், வே புரதங்கள் அப்படியே இருக்கின்றன. நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். சரி, வீகன் கேக் வாங்கலாம் என்று போனால் பாலுக்குப் பதில் முந்திரி கிரீம் வந்து நிற்கிறது. கோதுமை ஆகாதவர்களுக்கும் இதே கதைதான்: மைதாவின் இடத்தைப் பாதாம் மாவு பிடித்துக்கொள்கிறது.

அதனால் எந்த ஃபிளேவர் என்று கேட்பதற்கு முன், எந்தெந்தப் பொருள் ஆகாது என்று கேளுங்கள். துளி பட்டாலே ஆகாதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "கொஞ்சம்தானே, ஓவன் சூட்டில் போய்விடும்" என்று மட்டும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் பலருக்கு, நன்றாக வெந்த கேக்கில் இருக்கும் முட்டை ஒன்றும் செய்வதில்லை. சூட்டில் அதன் புரதம் வடிவம் மாறிவிடுகிறது. ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

செய்முறையைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. அப்புறம் ஒரு கப் தண்ணீர், 5 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர். முட்டையும் இல்லை, பாலும் இல்லை. சோடாவும் வினிகரும் சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பி மாவைத் தூக்கிவிடும். அந்த வாயு அடங்குவதற்குள் ஓவனில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். 180 டிகிரியில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

உண்மையான ஆபத்து பாத்திரங்களில்தான் இருக்கிறது. உங்கள் ஸ்பேட்டுலாவின் ரப்பர் தலையைக் கைப்பிடியிலிருந்து கழற்றிப் பாருங்கள். போன ஆர்டரின் பட்டர்கிரீம் அந்தக் குழிக்குள் மஞ்சளாகப் படிந்திருக்கும். கிரீம் பிழியும் நட்சத்திர நாசிலின் பற்களுக்கு இடையிலும், பாதாம் மாவு சலித்த சல்லடையின் விளிம்பு மடிப்பிலும் இதே நிலைதான். எவ்வளவு தேய்த்தாலும் அங்கே விரல் போகாது. ஒவ்வாமை ஆர்டர்களுக்கென்று தனியாக ஒரு செட் வைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. கைக்கு சானிட்டைசர் போட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அது கிருமியைக் கொல்லும், கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை அகற்றாது. அதற்கு சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

அலங்காரப் பொருட்களையும் மறக்காதீர்கள். டார்க் சாக்லேட்டில் பால் கலந்திருக்கலாம், மார்சிபானே பாதாமில்தான் செய்கிறார்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால், எங்களைப் போன்ற பெற்றோர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக்கொள்வோம்.

இவ்வளவும் உங்கள் சமையலறையில் நடக்காது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். "எங்கள் வீட்டில் எந்நேரமும் முந்திரி அரைபடும், உங்கள் பெண்ணுக்கு என்னால் உறுதி தர முடியாது" என்று ஒரு பேக்கர் என்னிடம் சொன்னார். நான் வருத்தப்படவில்லை. வேறு ஆர்டர்களுக்கு இன்றும் அவரைத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆர்டரை எடுத்துக்கொண்டால் இன்னொரு வேண்டுகோள். கடைசி நேரத்தில், வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் வழக்கமான மார்ஜரின் தீர்ந்துபோய் வேறு பிராண்டு வாங்க நேர்ந்தால், அதைப் பிரிக்கும் முன் ஒரு போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் அம்மா