பானட்டைத் திறந்து வையுங்கள்: இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வே அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். இண்டியானா மாநிலத்தில் டீசல் என்ஜின் வடிவமைப்பில் பணிபுரியும் தமிழன் நான். ஊரிலிருந்து உறவினர் வந்தால் தங்கள் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களும் படித்து, உடன்பட்டால் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கில வடிவத்தைத் தங்களுக்குத் தனியே அனுப்புகிறேன்.

2025 பிப்ரவரியில் தங்கள் சேகரிப்பிலிருந்த மெர்சிடிஸ் டபிள்யூ 196 ஸ்ட்ரீம்லைனர் 5 கோடியே 11 லட்சம் யூரோவுக்கும், 1965இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தை வென்ற ஃபெராரி 250 எல்எம் ஏறத்தாழ 3 கோடியே 49 லட்சம் யூரோவுக்கும் ஏலம் போயின. பலர் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. இத்தாலியின் மான்ஸா பாதையில் பந்தய வீரர் ஸ்டிர்லிங் மோஸ் ஓட்டிய அந்த மெர்சிடிஸ் அழகுதான் என்றாலும், இங்குள்ள இரண்டரை மைல் ஓவல் பாதையில் இடப்பக்கம் மட்டுமே திரும்பி 500 மைல் ஓடும் ‘இண்டி 500’ பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட வண்டிகளின் கதைக்கு அது விருந்தாளிதான். விருந்தாளிகளை அனுப்பிவிட்ட பிறகு வீட்டாரை எப்படிக் கவனிக்கப்போகிறோம் என்பதே இப்போதைய கேள்வி. என் வேண்டுகோளும் அதைப் பற்றியதுதான்.

பந்தய வண்டியைக் காட்சிக்கு வைக்கும்போது வண்ணமும் எண்ணும் ஓட்டுநர் பெயரும் கண்ணில் படுகின்றன; என்ஜின் பானட்டுக்குள் இருந்துவிடுகிறது. இது எல்லா ஊர் அருங்காட்சியகங்களுக்கும் பொதுவான வழக்கம். ஆனால் இண்டியானாபொலிஸைப் பொறுத்தவரை இந்த வழக்கத்தால் இழப்பு மிக அதிகம். 1935க்கும் 1976க்கும் இடையில் 27 முறை, அதிலும் 1947 முதல் 1964 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள், இப்பந்தயத்தை வென்றது ஆஃபன்ஹவுசர் என்னும் ஒரே குலத்து நான்கு சிலிண்டர் என்ஜின். ஓட்டுநர்கள் மாறினார்கள், சேஸிஸ்கள் மாறின, ‘ஆஃபி’ மட்டும் மாறவில்லை. பந்தய என்ஜின் வடிவமைப்பாளர் ஹாரி மில்லரின் படகு என்ஜின் ஒன்றிலிருந்து கிளைத்து, அவருடைய வரைவாளர் லியோ கூசனின் வரைபலகையில் உருப்பெற்று, மில்லர் 1933இல் திவாலான பிறகு அவர் பட்டறையின் தலைவராக இருந்த ஃபிரெட் ஆஃபன்ஹவுசரின் பெயரைத் தாங்கிய அந்த என்ஜின், பிற்காலத்தில் 2.6 லிட்டராகச் சுருங்கி, டர்போ (வெளிப்புகையால் சுழன்று, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) பூட்டப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் ஆயிரம் குதிரைத்திறனையும் கடந்தது.

அது எப்படித் தாங்கியது என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். நம் பட்டறைகளில் என்ஜின் சூடேறிவிட்டால் முதலில் சந்தேகிக்கப்படும் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வைக்கும் அடைப்புத் தகடு, ஆஃபியில் கிடையாது; சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் கிழிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதற்கான விலையை மெக்கானிக் கொடுத்தார்: ஒரு வால்வை எடுக்க வேண்டுமென்றாலும் பிளாக்கைக் கிராங்க் கேஸிலிருந்து (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிக்கூட்டிலிருந்து) முழுதாகத் தூக்கிவிட்டு, சிலிண்டரின் அடிவாய் வழியாகவே வேலை செய்தாக வேண்டும். கிராங்க் கேஸும் இரண்டு பாதிகளாகப் பிளக்காத பீப்பாய். மெயின் பேரிங்குகளைத் தாங்கும் வட்டத் தட்டுகளைக் கிராங்க் ஷாஃப்டோடு சேர்த்து, ஒரு முனையிலிருந்து உள்ளே செலுத்த வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதைக் கண்ணால் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் புரியும். விளக்கப்பலகையில் எழுதினால் பொறியாளருக்கும் கொட்டாவி வரும்.

தங்களிடமுள்ள பெலாண்ட் ஸ்பெஷலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் சேலி கலிஃபோர்னியாவில் தம் வீட்டையொட்டிய கராஜில் கட்டிய அந்த வண்டி 1957இல் சாம் ஹாங்க்ஸையும் 1958இல் ஜிம்மி பிரையனையும் வெற்றிக்கு அழைத்துச் சென்றது. அதன் இரகசியம், செங்குத்தாக நிற்கவேண்டிய ஆஃபியை ஏறக்குறையப் படுக்கவைத்ததுதான். மூக்கு தாழ்ந்தது, எடையும் தாழ்ந்தது. படுத்த என்ஜினில் எண்ணெய் எங்கே தேங்கும், எப்படித் திரும்பும் என்ற தலைவலிகளைத் தீர்த்துத்தான் அவர் ஜெயித்தார். பானட் மூடியிருந்தால் அது தாழ்வான ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான்.

தோற்றவையும் இப்படித்தான். 1952இல் கம்மின்ஸ் டீசல் வண்டி முதல் இடத்திலிருந்து புறப்பட்டு, 71ஆம் சுற்றில் நின்றுபோயிற்று; தாழ்வாக இருந்த டர்போவின் காற்று வாயை டயர்த் துகள்கள் அடைத்துவிட்டன. என் தொழில் டீசல் என்பதால் அந்தக் காற்று வாய் இருக்கும் இடத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஓர் அடி உயர்த்தியிருக்கக் கூடாதா என்று அங்கலாய்ப்பேன். (1911இல் முதல் பந்தயத்தை வென்ற மார்மன் வாஸ்பின் புகழ்பெற்ற பின்நோக்குக் கண்ணாடியில், செங்கல் பாதையின் அதிர்வில் ஒன்றுமே தெரியவில்லை என்று அதை ஓட்டிய ரே ஹரூன் பின்னாளில் ஒப்புக்கொண்டாராம். அதையும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம்.)

என்ஜின்களை ஓட்டுவதா, ஓட்டாமல் காப்பதா என்ற பழைய வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஓட்டினால் மூலப் பாகம் தேயும். உடைந்தால் மாற்று கிடையாது. ஓட்டாமல் விட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. இவ்வண்டிகளின் எரிபொருளான மெத்தனால் ஈரத்தை இழுக்கும். வடிக்காமல் விட்டால் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் அரிக்கும். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டும். அழுந்திய நிலையிலேயே நிற்கும் வால்வு ஸ்பிரிங்குகள் தளரும். ஆகவே மாற்றுப் பாகங்கள் செய்ய இயலும் ஒருசில என்ஜின்களை மட்டும் ஓடும் நிலையில் வையுங்கள். மற்றவற்றை எரிபொருள் வடித்து, எண்ணெயிட்டு, குறித்த நாளில் கையால் சுற்றிவிடுங்கள். இந்த வேலையைப் பூட்டிய அறையில் செய்யாமல், பார்வையாளர் கண்ணெதிரே ஒரு பட்டறையில் செய்யுங்கள். ஆஃபியைக் கழற்றிப் பூட்டியவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். அவர்களோடு நின்று கைப்பழக்கம் பெற ஆண்டுக்கு இரண்டு இளைஞர்களையாவது ஊதியத்துடன் அமர்த்துங்கள். ஏலத்தொகையின் ஒரு பகுதி இதற்குப் போதும்.

நோவி என்ஜினை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1941 முதல் 1960களின் நடுப்பகுதிவரை இங்கே ஓடிய அந்த சூப்பர்சார்ஜர் (என்ஜினின் விசையாலேயே சுழன்று காற்றை உள்ளே தள்ளும் கருவி) பூட்டிய எட்டு சிலிண்டர் வி8 ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆயினும் மக்கள் மறக்காதது அதன் கூச்சலைத்தான். ஓட்டத்தக்க நோவி எவரிடம் இருந்தாலும் அவருடன் பேசி, தேர்ந்த கருவிகளால் அந்த ஓசையைப் பதிவுசெய்து, அருங்காட்சியகத்தில் ஒலிக்கச் செய்யுங்கள்.

எல்லாம் ஒரே ஆண்டில் ஆகாது என்று அறிவேன். முதலில் ஓர் ஆஃபியை முழுதாகக் கழற்றி, பாகங்களை மேசைமேல் பூட்டும் வரிசைப்படி அடுக்கி, பெலாண்ட் ஸ்பெஷலின் பக்கத்தில் வையுங்கள். பாகங்களைத் துடைக்கவும் பெயரெழுதவும் ஆள் தேவைப்பட்டால், சனிக்கிழமைகளில் நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இண்டியானாவில் வாழும் ஒரு டீசல் என்ஜின் பொறியாளன்