நூற்றாண்டு மலர்களில் நிலம் எங்கே?

ஆசிரியருக்கு,

சேகரங்களின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் கிறிஸ்தவ சபைகளின்) நூற்றாண்டு மலர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் மலர்கள் செய்வதையே அதுவும் செய்திருக்கிறது. கோவில் (தேவாலயத்தைத்தான் சொல்கிறேன்), கோபுரம், மணி, வரிசையாகக் குருவானவர்கள் படம், அவ்வளவுதான். ஊர் எந்த மண்ணில் இருந்தது என்று ஒரு வரி இல்லை.

திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரி கால்டுவெல் 1847இல் ஆரம்பித்து, இழுத்து இழுத்து 1880இல் பிரதிஷ்டையான கோவில் இன்றும் நிற்கிறது. சுற்றியிருந்த நிலம்தான் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் பனை, ஊடே உடைமரம், அதைத் தாண்டினால் ஆடிக் காற்றுக்கு இடம் மாறும் தேரிச் செம்மணல். பருவம் வந்தால் ஆண்கள் மரத்தில், பெண்கள் விடிலி என்ற குடிசையில் பதநீர் காய்ச்சிக்கொண்டு. குலசேகரன்பட்டினத்தில் பனைவெல்லத்தை நம்பி ஒரு சர்க்கரை ஆலையே நடந்தது, திசையன்விளையிலிருந்து திருச்செந்தூருக்குக் குட்டி ரயில்கூட ஓடியது, 1940இல் அதுவும் நின்றுபோனது. (அதே குலசையில் 2024இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்!)

பனை ஏன் போனது? செங்கல் சூளைக்கு வெட்டினார்கள், சரி. ஆனால் ஏற ஆள் இல்லாத மரத்தைத்தான் சுலபமாக விற்றார்கள். பனையேறியின் பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியூருக்கு அனுப்பியது இதே மிஷன் பள்ளிகள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கீழே விழுந்தால் பிழைப்போமா என்று தெரியாத வேலைக்கு எந்தத் தகப்பன் மகனை அனுப்புவான்? அப்புறம் போர்வெல் வந்தது, முருங்கையும் வாழையும் வந்தன. சும்மா கிடந்த விளைகளை, அதாவது தோட்ட நிலங்களை, சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. ராதாபுரம் பக்கம் போனால் பனைக்கு மேலே காற்றாலைகள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது, ரொம்பத் தாமதம்.

அடுத்து மலர் போடுகிற சபைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வாழ்த்துரைப் பக்கங்களில் பாதியைக் குறையுங்கள். கோவில் சொத்துப் பதிவேட்டிலும் பழைய நில அளவைப் படத்திலும் இருப்பதை எடுத்துப் போடுங்கள். எந்த விளையில் பனை நின்றது, எந்தக் கிணறு உவர்த்துப்போனது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மரம் ஏறின கடைசி ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் படத்தையும் குருவானவர் படம் போடுகிற அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
திசையன்விளை வாசகர் ஒருவர்