அந்த நாளை அட்டவணையிலிருந்து எடுக்காதே

சேரன்மகாதேவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. பிசானத்துக்கு நாற்றுப் பாவும் வேலை நடக்கிறது.

நீ கேட்ட கேள்விக்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. செயற்கை நுண்ணறிவுத் துறையில் பலரும் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளின் பக்கம் போய்விட்டார்கள், ஆய்வு நிதியும் மாணவர்களும் அங்கேதான் சேர்கிறார்கள், பதவி நிரந்தரமாவதற்கான மதிப்பீடு நெருங்கும் நேரத்தில் பெருமழைக் கணிப்பை மூட்டை கட்டிவிட்டு நானும் அங்கே போகட்டுமா என்று கேட்டாய். இயந்திரம் கற்றுக்கொள்ளக் கொடுத்த பயிற்சித் தரவில் வராத ஒன்று எதிரே வந்தால் அது என்ன செய்யும் என்பதுதானே முனைவர் பட்டத்துக்கு நீ எடுத்துக்கொண்ட கேள்வி? அதை விட வேண்டாம் என்பது என் எண்ணம்.

பாசனப் பிரிவில் மழைமானி பார்த்தவன் என்பதால், நீ திரையில் காட்டிய வரைபடத்தில் என் கண் முதலில் தேடியது 2023 டிசம்பரைத்தான். அந்த இடம் காலியாக இருந்தது. மற்ற நாள்களோடு ஒட்டாத மதிப்பு என்று தரவைச் சுத்தம் செய்யும்போது உன் மாணவர் எடுத்துவிட்டதாகச் சொன்னாய். 18ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஊருக்கே தெரிந்த நாள் உங்கள் அட்டவணைக்குத் தெரியாதென்றால், அது யாருக்கு எதைக் கணித்துச் சொல்லப் போகிறது?

மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக்குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிப்போம். பெருமழை என்றால் குவளை குவளையாக அளந்து கூட்டுவோம். உள்ளிருக்கும் கலம் வழிந்துவிட்டால் ஏட்டில் ஏறுவது பெய்த மழையல்ல, கலம் பிடித்த மழை. ‘குறைந்தது இவ்வளவு’ என்று கொள்ள வேண்டிய எண்ணை, யாரும் சொல்லிக்கொடுக்காவிட்டால் இயந்திரம் ‘இவ்வளவே’ என்று கற்றுக்கொள்ளும். மேலும், காலை எட்டரைக்கு எழுதும் எண்ணில் பெரும்பகுதி முந்தைய நாளின் மழை. அதைக் கவனிக்காமல் ஆற்று மட்டத்தோடு தேதிக்குத் தேதி சேர்த்தால், வெள்ளம் வந்த பிறகு மழை பெய்ததாகக் கணக்கு நிற்கும். நாள்களைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, பாதியில் பயிற்சி, பாதியில் சோதனை என்று பிரிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே மழையின் முதல் நாள் பயிற்சியிலும் மறுநாள் சோதனையிலும் விழுந்தால், மதிப்பெண் கூடத்தானே செய்யும்?

பொறுத்திருந்து வென்றவர்களின் கதை உனக்குத் தெரியும். மூளை நரம்புகளின் பின்னலை மாதிரியாகக் கொண்ட நரம்பு வலையமைப்பு பற்றி ஹாப்ஃபீல்டின் கட்டுரை வந்தது 1982இல். பிழையைப் பின்னோக்கிக் கடத்திக் கற்கும் முறையை ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் விளக்கியது 1986இல். படங்களை இனம்காணும் போட்டியில் ஹிண்டனும் அவர் மாணவர்களும் வென்றது 2012இல். ஹாப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் நோபல் கிடைத்தது 2024இல். இடையில் நரம்பு வலையமைப்பைப் பலரும் ஒதுக்கியிருந்த காலம் உண்டு என்று நீதான் சொல்லியிருக்கிறாய். ஆனால் இதைக் காட்டி உன்னை நிறுத்திவைக்க மாட்டேன். ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒன்றும் கிடைக்காமல் போனவர்களின் படம் நாளிதழில் வருவதில்லை. அதுவும் விடுபட்ட தரவுதான்.

நான் சொல்லும் காரணம் வேறு. பெரிய கணினிகளை வைத்திருப்பவர்கள் மொழி மாதிரிகளை நீ இல்லாமலும் செய்வார்கள். மழைமானியின் கலத்தையும் தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டையும் பார்த்து வளர்ந்து, இயந்திரத்துக்குக் கற்பிக்கும் கணக்கையும் படித்தவர்கள் உன் துறையில் எத்தனை பேர்? மதிப்பீட்டுக்குக் கட்டுரை வேண்டுமென்றால், அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்களோடு சேர்ந்து ஒன்றிரண்டு எழுது, தப்பில்லை. பார்க்காததைக் கண்டால் என்ன செய்யும் என்ற கேள்வி மொழி மாதிரிகளுக்கும் பொருந்துவதுதானே? (இதைப் படித்த உன் அம்மா, “பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சாச்சாக்கும்” என்கிறாள்.)

நான் தனியாக எழுதிவைத்த நோட்டுகளில், கலம் வழிந்த நாள்களைச் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். அவற்றைத் தனிப் பத்தியாகத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டுமா, பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் போதுமா என்று உன் மாணவரிடம் கேட்டுச் சொல். அவரைக் கடிந்துகொள்ளாதே, 95 என்ற எண்ணைத் தாளில் மட்டும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

அன்புடன்,
அப்பா