கோழிப்பண்ணை என்று ஊரார் சொல்லும் கொட்டகை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் பங்குனிக் கடைசியில் வந்து சேர்ந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குச் சோம்பல் காரணமில்லை. அமாவாசையை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு நாட்கள் வானத்தைப் படமெடுப்பதற்காக இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிற ஆளாகிவிட்டேன். கோடை மழை தொடங்கி மூன்று நாளாக வானம் மூடிக் கிடப்பதால்தான் இன்று பேனாவை எடுத்தேன். பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து இருவரும் மகிழ்ந்தோம். உன் முழங்கால் வலிக்கு எண்ணெய்க் கட்டு போடுவதாக எழுதியிருக்கிறாய். மாடிப்படி ஏறுவதை முதலில் நிறுத்து.

உன் கடிதத்தில் என்னைக் குத்துவதற்கென்றே இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறாய். ஓய்வு பெற்ற பணத்தில் பெரிய தொலைநோக்கி ஒன்றை வாங்காமல், இருக்கிற 8 அங்குலத் தொலைநோக்கிக்குத் தகரக் கொட்டகை கட்ட ஏன் இவ்வளவு செலவழித்தாய் என்பது ஒன்று. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும்போது மங்கலாக ஒரு படத்தை எடுக்க ஏன் இந்தப் பாடு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் என்னிடம் நிறையவே இருக்கிறது.

ஆலங்காயம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில், என் தாய்வழியில் வந்த அரை ஏக்கரை நீ பார்த்திருக்கிறாய். அங்கே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை கட்டி, அதன் கூரையை மட்டும் சறுக்கு கேட்டுக்குப் போடும் சக்கரங்களின் மேல் ஏற்றி, தெற்கும் மேற்கும் திறந்து கிடக்குமாறு வடக்கே தள்ளிவிடும்படி அமைத்திருக்கிறேன். கிரில் பட்டறைக்காரர் அளவெடுக்க வந்தபோது, கோழிக்குக் காற்றோட்டம் வேண்டுமென்றால் ஜன்னல் போதாதா, கூரையே எதற்காக நகர வேண்டும் என்று கேட்டார். அன்று முதல் ஊருக்குள் அதற்குக் கோழிப்பண்ணை என்றே பெயர். நானும் மறுப்பதில்லை, விலையுயர்ந்த கருவி இருப்பதாகத் தெரிவதைவிடக் கோழி இருப்பதாக நினைப்பது பாதுகாப்பானது.

அறையின் நடுவே நிற்கும் தூண்தான் இந்தச் செலவின் பொருள். மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டேன். தளத்துக்கும் தூணுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு மணலால் நிரப்பியிருப்பதால், நான் நடக்கும் அதிர்வு கருவிக்குப் போவதில்லை. முன்பு முக்காலியில் வைத்துப் பாடுபட்ட காலம் உனக்கு நினைவிருக்கும். விண்மீன்களின் நகர்வோடு சேர்த்துத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியின் அச்சு துருவ விண்மீன் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். நம் ஊர் பன்னிரண்டரைப் பாகை அட்சரேகையில் இருப்பதால் அந்த அச்சைத் தரையோடு தரையாகத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. அப்படித் தாழ்த்தியதும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். இந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் துருவ விண்மீனைத் தலை நிமிர்ந்து பார்க்கிற ஊர்க்காரர்கள். நமக்கோ அது அடிவானத்திலிருந்து பன்னிரண்டரைப் பாகை உயரத்தில், புழுதிக்குள் மங்கலாகத் தொங்குகிறது. எங்கள் நிலத்துக்கு வடக்கே இருக்கும் கரடு அதையும் மறைத்துவிடுகிறது. எனவே வானின் வேறு பகுதியைப் படமெடுத்து, விண்மீன்கள் எந்தப் பக்கம் நகர்ந்து போகின்றன என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்த வேண்டும். முக்காலிக் காலத்தில் ஒவ்வோர் இரவும் இதற்கே ஒன்றரை மணி நேரம் போயிற்று. தூணில் ஒரு முறை திருத்தி இறுக்கிய அச்சு பதினான்கு மாதங்களாக அப்படியே இருக்கிறது.

இந்தக் கலையில் முழுக்க முழுக்க நேரம்தான் முதல். ஒரே பொருளை நான்கு நிமிடப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறோம். பொருளின் ஒளியான சமிக்ஞை தங்கிவிடுகிறது, படத்தில் பொரிபொரியாக விழும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஆனால் அது வர்க்கமூலக் கணக்கு. நான்கு மணி நேரப் படத்தைவிட இருமடங்கு தெளிவு வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் போதாது, பதினாறு வேண்டும். சீட்டுக் கட்டுவதைப்போல இரவு இரவாகச் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும். இரவுக்கு ஒன்றரை மணி நேரத்தை அச்சுத் திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டு யாரால் சேர்க்க முடியும்? அதனால்தான் கொட்டகை.

இந்தக் கோடையில் எடுத்தது சென்டாரஸ் ஏ. ஜேம்ஸ் டன்லப் என்பவர் 1826-இல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து கண்டுபிடித்த விண்மீன் மண்டலம் (கேலக்சி); தொலைவு ஏறக்குறைய 1.2 கோடி ஒளியாண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்குத் தெற்கே 34 பாகை உயரத்துக்கு ஏறுகிறது, இரவுக்கு ஐந்து மணி நேரம் நன்றாகக் கிடைக்கிறது. துருவ விண்மீன் விஷயத்தில் நமக்கு நேர்ந்த நட்டத்தை இந்தத் தெற்கு வானம் ஈடு செய்துவிடுகிறது. 1986 ஏப்ரலில் விடுதி மொட்டைமாடியில், இரவல் வாங்கிய பைனாகுலரை முறை வைத்து மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, ஹாலி வால்நட்சத்திரம் இதுதானா, வெறும் புகைத்திட்டாக இருக்கிறதே என்று நீ சலித்துக்கொண்டாயே, அப்போது ஹாலி போய்க்கொண்டிருந்தது இதே சென்டாரஸ் பகுதி வழியாகத்தான். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டதும் அதே ஆண்டு ஜனவரியில். செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியவன் நீதான்.

மொத்தம் 172 படங்கள் எடுத்தேன். மேகம் கடந்தவை, காற்றில் குலுங்கியவை என்று 31-ஐக் கழித்துவிட்டு மீதி 141-ஐ அடுக்கினேன். 9 மணி 24 நிமிடம். இதற்கு நடுவில் இரண்டு இரவுகள் வீணாயின, அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். பெரிய குழாயின் முதுகில் சிறிய வழிகாட்டித் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அது ஒரு விண்மீனைப் பிடித்துக்கொண்டு, தாங்கி பிசகும்போதெல்லாம் ஒரு விநாடிக் கோணத்துக்குள் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தை நாலைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் ஒரு விநாடிக் கோணம். அந்த இரவு, விண்மீன் எதுவும் தெரியவில்லை என்று மென்பொருள் திரும்பத் திரும்பச் சொல்லியது. வயரை மாற்றினேன், மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், கேமராவைக் கழற்றி மாட்டினேன். முப்பது ஆண்டுகள் நகராட்சி மின்பிரிவில் பழுது பார்த்தவன், எரியாத விளக்கில் முதலில் பல்பைப் பார் என்று சிறியவர்களுக்குப் பாடம் சொன்னவன், மறுநாள் மாலையில்தான் குழாயின் வாயை எட்டிப் பார்த்தேன். லென்ஸின் நட்டநடுவில், கட்டைவிரல் அளவில், பொழுதோடு பொழுதாகக் குளவி கூடு கட்டியிருந்தது. மண் இன்னும் முழுதாகக் காயவில்லை. மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, லென்ஸைத் துடைத்து முடிப்பதற்குள் அன்றைய இரவும் மேகமாகிவிட்டது. இப்போது பகலில் குழாய்க்கு மூடி போடாமல் வீட்டுக்கு வருவதில்லை.

கண்ணாடியிலும் ஒளி வடிகட்டியிலும் ஒட்டியிருக்கும் தூசு படத்தில் வளையம் வளையமாக விழும். அதை நீக்க, சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து அதனால் மற்ற படங்களை வகுக்க வேண்டும், ‘ஃபிளாட்’ என்கிறோம். அதற்கென ஒளிப்பலகை விற்கிறார்கள், விலை கேட்டால் மயக்கம் வரும். நான் பழைய வேட்டியை நாலாக மடித்துக் குழாயின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் உச்சியை நோக்கித் திருப்பிவைத்து எடுத்துவிடுகிறேன். சலவைக்குப் போட்ட நீலம் ஏறிய வேட்டி கூடாது என்பது அனுபவத்தில் கற்றது.

இனி உன் இரண்டாம் கேள்வி. ஹப்பிளோடு போட்டி போட நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் இந்தத் துறையே தனியார் கொட்டகைகளில் பிறந்தது என்பது உனக்குத் தெரியுமா? ஓரியன் நெபுலா என்னும் ஒளிரும் வாயு மேகத்தை முதன்முதலில் படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர். நியூயார்க் அருகே தம் சொந்தக் கூடத்திலிருந்து, 1880 செப்டம்பர் 30-இல், 51 நிமிடம் ஒளிப்படத் தகட்டைத் திறந்துவைத்து எடுத்தார். அவர் மருத்துவம் படித்தவர். 1883-இல் அதே நெபுலாவில், கண்ணுக்கு எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாத விண்மீன்களையும் தகட்டில் பிடித்த ஆண்டுரூ கமன், லண்டன் ஈலிங்கில் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தவர். தொழில் சுகாதாரப் பொறியியல், அதாவது குழாயும் சாக்கடையும். ஆண்டிரமீடா கேலக்சியின் சுருள் அமைப்பை 1888-இல் காட்டிய ஐசக் ராபர்ட்ஸ் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். தெருவிளக்குக்காரன் ஒருவன் இந்த வரிசையின் கடைசியில் நின்றால் வரிசைக்கு இழுக்கொன்றுமில்லை.

பழங்கதை வேண்டாம் என்றால் அண்மைக் கதையைக் கேள். அந்த ஆண்டிரமீடாவுக்குப் பக்கத்தில், முழு நிலவைப்போல மூன்று மடங்கு நீளத்துக்கு நீலநிற வில் ஒன்று கிடப்பதை 2022-இல் யான் செய்ந்தி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்ற மூன்று அமெச்சூர்கள் கண்டுபிடித்தார்கள். கருவி 106 மில்லிமீட்டர் லென்ஸ், என்னுடையதைவிடச் சிறியது. வானில் இத்தனை முறை படமெடுக்கப்பட்ட இடம் குறைவு. ஆனாலும் ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியோடு, அவ்வளவு அகலமான பரப்பை, அவ்வளவு மணி நேரம் யாரும் பார்த்திருக்கவில்லை. பெரிய தொலைநோக்கிகள் வானத்தை உறிஞ்சுகுழல் வழியாகப் பார்க்கின்றன. அவற்றின் நேரம் நிமிடக் கணக்கில் பங்கிடப்படுகிறது. எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நிறம் உண்மையா என்றும் ஓரத்தில் எழுதியிருந்தாய். கண்ணால் பார்த்தால் சென்டாரஸ் ஏ சாம்பல் நிறப் பஞ்சாகத்தான் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிற உணர்வு வேலை செய்யாது. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை, ஆகவே குறுக்கே ஓடும் தூசுப் பட்டையின் செம்பழுப்பு அங்கே இருப்பதுதான். ஆனால் ஹைட்ரஜனின் சிவப்பைப் பச்சையாகவும், கந்தகத்தின் சிவப்பைச் சிவப்பாகவும் மாற்றி ஒட்டும் வழக்கமும் உண்டு. ஆராய்ச்சிக்குப் பயன்படுவதை மறுக்கவில்லை. சுவரில் மாட்டுவதற்கு எனக்குப் பிடிப்பதில்லை.

ஒரு வருத்தம் உண்டு. சோடியம் விளக்குக் காலத்தில் அதன் மஞ்சளைப் பெருமளவு ஒரு வடிகட்டியால் வெட்டிவிடலாம். இப்போதைய வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவி வருவதால் வெட்டுவதற்கு இடமில்லை. எங்கள் நகராட்சியில் சோடியத்தைக் கழற்றி எல்இடி மாட்டிய பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான். மேற்கே வானம் வெளுத்துத் தெரியும்போதெல்லாம் என் மனைவி அந்தத் திசையைக் காட்டிச் சிரிக்கிறாள்.

ஆனியிலிருந்து மழைமேகம், கேமராவைக் கழற்றி, பழைய அரிசி டிரம்மில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிவைத்துவிடுவேன். தையில் மறுபடி திறக்கும். தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக நீ கட்டாயம் வா. ஓரியன் அப்போது இரவின் முதல் பாதியில் உச்சியில் நிற்கும், உன் முழங்காலுக்காக ஒரு சாய்வு நாற்காலியும் போட்டுவைக்கிறேன். ஸ்வெட்டர் எடுத்துவா, அடிவாரத்தில் குளிர் எலும்பைத் தொடும். வண்டி புளியமரத் திருப்பத்தில் திரும்பியதும் முகப்பு விளக்கை அணைத்துவிடச் சொல். போன முறை என் மைத்துனன் அணைக்காமல் வந்ததில் நான்கு படங்கள் போயின.

உன் அன்பு நண்பன்