ஊரடங்கிலும் கருத்தடை ஊசித் தேதி தவறாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி

டர்பன் வட்டாரத்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருளம் பகுதி கிளினிக் சிஸ்டர்கள், கோயில் சபைத் தொண்டர்கள், மருந்துக்கடைக்காரர்கள், டாக்ஸி ஓட்டிய தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் ஊரடங்கு தொடங்கியது. மருத்துவத்துக்காக வெளியே போவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் கருத்தடைக்கு வரவேண்டிய பெண்கள் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தொற்றுப் பயம் ஒருபுறம். வழியில் போலீஸ் நிறுத்தினால் எதற்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம் மறுபுறம்.

சிஸ்டர்களே, முதல் நன்றி உங்களுக்கு. கருத்தடை ஊசி இரண்டு வகை: டெப்போ-புரோவேரா (டெப்போ) 12 வாரத்துக்கு ஒருமுறை, நூர்-இஸ்டிரேட் 8 வாரத்துக்கு ஒருமுறை. கிளினிக்கில் ஒன்றின் இருப்பு தீர்ந்தால் மற்றதைப் போடுவது வழக்கம். சிக்கல் அங்கேதான் தொடங்கும். டெப்போவுக்குப் பழகியவர் ‘இன்னும் மூணு மாசம் இருக்கே’ என்று இருந்துவிடுவார். மாற்றிப் போட்ட ஊசியின் காவலோ இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். நீங்கள் ஊசியின் பெயரையும் அடுத்த தேதியையும் அட்டையில் பெரிதாக எழுதி, வாயாலும் சொல்லி அனுப்பினீர்கள். பிந்தி வந்தவரைத் திட்டவில்லை. டெப்போவுக்கு 4 வாரம், நூர்-இஸ்டிரேட்டுக்கு 2 வாரம் வரை பிந்தினாலும் வழக்கம்போலப் போடலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதையும் தாண்டியவருக்குக் கர்ப்பமில்லை என்று விசாரித்து உறுதிசெய்து ஊசி போட்டு, 7 நாளுக்கு ஆணுறையும் கொடுத்தனுப்பினீர்கள்.

கோயில் சபைத் தொண்டர்களே, போனில் ‘ஊசி இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். எந்த ஊசி, எத்தனை குப்பி, அடுத்த சரக்கு எப்போது என்று வாராவாரம் கேட்டு எழுதினீர்கள். 2020 மார்ச்சில் இந்தியா புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உட்பட 26 மருந்துப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்த நேரத்தில் அந்தக் குறிப்பேடு எவ்வளவு உதவியது! ஒரு கிளினிக்கில் தட்டுப்பாடு என்றால் பக்கத்து கிளினிக்குக்கு அன்றைக்கே ஆள் அனுப்ப முடிந்தது. கடையில் அவசரக் கருத்தடை மாத்திரையை ஒளிக்காமல் எடுத்துவைத்த மருந்துக்கடைக்காரர்களுக்கும் நன்றி.

கருக்கலைப்பு பற்றிப் பேச நம் வீடுகளில் இன்னும் நா எழுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும். பயிற்சி பெற்ற சிஸ்டரே செய்யலாம். 13ஆம் வாரம் முதல் சட்டம் சொல்லும் காரணமும் டாக்டரின் கருத்தும் வேண்டும். 11ஆம் வாரத்தில் இருப்பவரை ‘ஊரடங்கு முடியட்டும்’ என்று நிறுத்தினால் அவர் கையிலிருந்த முடிவு இன்னொருவர் கைக்குப் போய்விடும். கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்து வாரம் கணக்கிட்டு, எந்த இடம் திறந்திருக்கிறது என்று முன்பே விசாரித்து, தாமதிக்காமல் அனுப்பிவைத்த அக்காமாருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸிகள் காலையும் மாலையும் சில மணி நேரமே ஓடின. தம்பிகளே, காலை முதல் ஓட்டத்திலேயே கிளினிக் போகிறவர்களுக்கு இடம் ஒதுக்கினீர்கள். அதனால்தான் காலை வண்டி ஓட்டம் முடிவதற்குள் அவர்கள் வீடு திரும்ப முடிந்தது.

நன்றியுடன்,
பெண்கள் நலத் தொண்டர்கள், டர்பன்