ஜனவரியில் பார்த்ததை வைத்து மார்ச்சில் கதவை உடைக்கலாமா?

அமெரிக்காவின் லூயிவில் நகரில் சோதனை வாரண்டுகளில் கையெழுத்திடும் நீதிபதிகளுக்கு,

வணக்கம். இந்த ஊரில் குடியிருப்பவனாக உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வாரண்ட் கேட்டு வரும் போலீஸ்காரரிடம், அவர் சொல்லும் ஒவ்வொரு விஷயத்துக்கும் "இதை என்றைக்குப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் பழசாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.

பிரியோனா டெய்லர் வீட்டுக்கான வாரண்டில் 2020 மார்ச் 12 அன்று கையெழுத்தானது. நள்ளிரவு தாண்டிக் கதவை உடைத்தார்கள். யாரோ அத்துமீறி நுழைகிறார்கள் என்று நினைத்து அவருடைய காதலர் ஒரு முறை சுட்டார். பதிலுக்குப் போலீஸ் சுட்டதில் 26 வயது டெய்லர் செத்துப்போனார். வீட்டில் போதைப்பொருளும் இல்லை, பணமும் இல்லை.

அந்த வாரண்ட் கேட்டுப் போலீஸ் சத்தியம் செய்து கொடுத்த பிரமாணப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். சந்தேக நபர், அதாவது டெய்லரின் முன்னாள் காதலர், அந்த வீட்டிலிருந்து ஒரு பார்சலோடு வெளியே வந்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறது. பார்த்த தேதி ஜனவரி 16. கையெழுத்தான நாளோடு சேர்த்துப் பார்த்தால் 56 நாள் இடைவெளி. அதை நிரப்பத்தான் மற்ற வரிகள் வருகின்றன: அவருக்கு அங்கே பார்சல் வருவதைத் தபால் துறை ஆய்வாளர் மூலம் உறுதிசெய்தோம், அதுதான் அவருடைய தற்போதைய முகவரி. தபால் துறை உறுதிசெய்யவே இல்லை. பத்திரத்தில் பொய் சேர்க்க உடந்தையாக இருந்ததாக ஒரு பெண் போலீஸ் துப்பறிவாளர் 2022-ல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கையில் இருந்த தகவல் ஆறிப்போனதால்தான் அதைச் சூடாகக் காட்டப் பொய் தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். "இந்த மாதம் யார் என்ன பார்த்தீர்கள்?" என்று அன்றைக்கு அழுத்திக் கேட்டிருந்தால் அந்தப் பொய் அங்கேயே தடுமாறியிருக்கும்.

இதொன்றும் புதுச் சட்டமில்லை. மதுவிலக்குக் காலத்தில், 1926 ஜூலை 6 அன்று கொடுத்த வாரண்ட், அது செல்லும் பத்து நாளுக்குள் பயன்படாமல் கிடக்க, ஜூலை 27 அன்று தேதியை மட்டும் மாற்றித் திரும்பக் கொடுத்தார்கள். 1932-ல் ஸ்க்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வாரண்ட் கொடுக்கும் அந்த நேரத்தில் முகாந்திரம், அதாவது தேடும் பொருள் அங்கே இருக்கும் என்று நம்பப் போதிய காரணம், இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் இருந்தது போதாது.

சரி, இத்தனை நாள் என்று ஒரு கணக்கு வைக்க முடியாதுதான். எந்த மாதிரிக் குற்றம், ஆள் நிலையாக இருப்பவரா, தேடும் பொருள் என்ன, இடம் எப்படிப்பட்டது என்று பார்க்கச் சொல்லி நமது பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றமான ஆறாவது வட்ட நீதிமன்றம் 1998-லேயே ஸ்பைக்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கணக்கு நோட்டு ஆறு மாதமானாலும் அலமாரியில் இருக்கும். பொட்டலம் அன்று சாயந்திரமே கைமாறிவிடும். வருஷக்கணக்கில் வியாபாரம் நடக்கும் வீடு என்றால் பழைய தகவலுக்கும் மதிப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் ஒருவர் பார்சலோடு வெளியே வந்த வீடு அப்படிப்பட்டதல்ல.

பிறகு வழக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1984-ல் உச்ச நீதிமன்றம் தந்த லியான் தீர்ப்புக்கு அப்புறம், போலீஸ் உங்கள் கையெழுத்தை நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால், வாரண்ட் தவறாக இருந்தாலும் கிடைத்த சாட்சியம் பெரும்பாலும் வழக்கில் செல்லுபடியாகிவிடுகிறது. எதுவும் கிடைக்காத வீட்டிலோ, தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கவே சாட்சியம் இல்லை. கதவு உடைந்தது உடைந்ததுதான்.

கதவைத் தட்டாமல் நுழையும் வாரண்டை 2020 ஜூனில் நகர மன்றம் தடைசெய்தது. நல்ல காரியம். ஆனால் அது எப்படி நுழைவது என்பதைப் பற்றியது. நுழையக் காரணம் இருக்கிறதா என்பது இன்னமும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, பத்திரத்தில் "சமீபத்தில்", "தற்போது" என்ற சொற்களை ஏற்காதீர்கள், தேதி கேளுங்கள். இன்னொருவர் உறுதிசெய்தார் என்று இருந்தால், யார், எப்போது, நேரில் சொன்னாரா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டதையும் அவர்கள் சொன்னதையும் பதிவுசெய்யுங்கள். எத்தனை வாரண்டுகளைத் திருப்பி அனுப்பினீர்கள் என்பதை வருடம் ஒருமுறை ஊருக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லூயிவில் குடிமகன் ஒருவன்